பிடி நழுவிய மாலை

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் குடியிருந்த அந்த முன்னாள் ராணுவ வீரர் போன மாதம் இறந்துவிட்டார். முறுக்கிய வெள்ளை மீசைக்காரர். சுரங்க வாசலில் செக்யூரிட்டி வேலை. ஷிஃப்ட் முடிந்தால் நேரே வீடுதான்.

ஒரு மாலை அவர் மனைவி ஸ்கூட்டர் பழக, பின் சீட்டைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"போர்ல நின்ன ஆளு, இதுக்குப் போயி நடுங்குறீங்களே?" என்றேன்.

"அங்க நான் மட்டும்தானே இருந்தேன்! இப்ப வண்டில போய்க்கினு இருக்கறது எங்க வூட்டம்மாங்க!"

பதில் சொல்லத் திரும்பியதில் பிடி நழுவிவிட்டது. அந்த அம்மாவோ அசராமல் தெருமுனையில் வளைந்து போனார்.

"நான் புடிக்கவே இல்லீங்க! அவங்களே ஓட்டுறாங்க!" என்று நடுரோட்டில் குதித்தார்.

எந்தப் போரில் இருந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த மாலையை மட்டும் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.