சின்னம்மாவின் இங்கிலீஷ் பரீட்சை

நகரியில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பாடம் கத்தித்தான் நடக்கும். கூடத்தில் இரண்டு பவர்லூம் ஓடும்போது மெதுவாகப் பேசினால் யார் காதில் விழும்? அம்மாவின் தங்கையான சின்னம்மா, தறியைப் பார்த்துக்கொண்டே பத்தாவது இங்கிலீஷை மூன்றாம் தடவை எழுதத் தயாரானாள். ஆறாவது படித்த நான் கைடைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பேன்.

"டால்!"

"அட்ஜெக்டிவ்!"

"ரன்!"

"வெர்ப்!"

ஒன்றுகூடத் தப்பாது. எனக்கு அர்த்தம் தெரியாது; விடை கைடின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் என் வாத்தியார் லட்சணம். கேட்டுக் கேட்டுக் கிளியும் பேசும் என்பார்கள். பக்கத்துத் தறிக்காரர்கூட அறுந்த இழையை முடிந்துகொண்டே, "பியூட்டிஃபுல், அட்ஜெக்டிவ்" என்று முனகுவார்.

அந்தப் பாஸுக்காக ஒரு கல்யாணம் காத்திருந்தது. மாப்பிள்ளைக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே உத்தியோகம். பெண் பத்தாவது தேறினால் மறுமாதமே முகூர்த்தம் என்று சொல்லியிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒரு தட்டு பஜ்ஜியைத் தீர்த்துவிட்டு, சின்னம்மாவை இங்கிலீஷ் பேப்பர் படிக்கச் சொல்லி, மூன்று இடத்தில் திருத்தினார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. சின்னம்மாவைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் தடவையும் இங்கிலீஷில் போய்விட்டது.

"மூணு தபா ஓதினா தறிக்கட்டைகூட பாஸாவும். உனுக்கு இன்னாம்மா கேடு?" என்றார் என் அப்பா, நைனா.

அவமானம் எனக்குத்தான். புத்தூரில் பரீட்சை எழுதிவிட்டு அவள் கொண்டுவந்த கேள்வித்தாளைத் தேடி எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. முதல் முறையாகக் கத்தாமல் கேட்டேன்.

"ஓல்ட்?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்தாள்.

"வெர்ப்," என்றாள்.

"அட்ஜெக்டிவ்மா!" என்று பதறினார் பக்கத்துத் தறிக்காரர்.

"உன் வேலையப் பாருய்யா!" என்றாள் சின்னம்மா.

அடுத்த ஐந்தும் தப்பு. நைனா பேனாவை மூடினார். "இதுக்கு மேல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு டைம் கேக்கறது? அவங்க வேற எடம் பாத்துக்கட்டும்."

ஆத்திரத்தில் கேள்வித்தாளின் மூலையில் ஒரு முட்டை போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். சின்னம்மா வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடி கண்ணு, இம்மாம் சின்னதா போட்டுக்கீற?" என்று என்னை இழுத்து முத்தம் கொடுத்தாள்.

முட்டை வாங்கினவளுக்கு இத்தனை சந்தோஷம் எதற்கு என்று, கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்த பிறகும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.