தேய்த்தும் போகாத கறை

எழுபதுகளின் நடுவில், வேம்பாருக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். நாசரேத்தில் சுத்தபத்தமாக வளர்ந்த எனக்கு, அந்தப் பிள்ளைகளின் பழுப்புப் பற்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒருநாள் நான்காம் வகுப்பு செல்வியிடம் செங்கல் பொடியைக் கொடுத்து, "வெள்ளையாகிற வரைக்கும் தேய்" என்று வெளியே அனுப்பினேன். ஈறில் ரத்தம் வழிய வந்து நின்றாள்.

மறுநாள் அவள் அம்மா மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவ வேம்பாருல எங்க அண்ணன் வீட்டுல வளந்தவ, டீச்சர். பல்லைப் பாருங்க, வெள்ளையாத்தான் இருக்கு. இங்கன வளந்த சின்னவளுக்குத்தான் இப்படி. ரெண்டு பேரும் சாம்பல்லதான் தேய்க்காளுவ. குடிக்க தண்ணிதான் வேற."

நான் நம்பவில்லை. அவள் சொல்வது பொய்யென்று காட்டத்தான் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத் தூத்துக்குடியில் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.

"அந்த ஊருக்கு அடியில கெட்டிப் பாறை. அதுல உள்ள புளோரைடு தண்ணியில கரைஞ்சு வருது. பல்லு முளைக்கதுக்கு முன்னாலயே கறை பிடிச்சிரும், தேய்ச்சாப் போகாது" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"வேற கிணறு தோண்டினா?"

"அங்கன எங்க தோண்டினாலும் அதே பாறைதான்."

வேறு ஊர்த் தண்ணீர் கேட்டு மனு மேல் மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதிலில்லை. பிள்ளைகள் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். செய்த தப்பு மனதை உறுத்த, ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னும் செல்வியிடம், அது தண்ணீரால் வந்த கறை, தேய்த்தாலும் போகாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவள் விரலால் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ இது வெள்ளையாவவே செய்யாதா, டீச்சர்?"

நன்றாகத் தேய்த்தால் போய்விடும் என்று, என்னைப் போலவே அவளும் அதுவரை நம்பியிருந்திருக்கிறாள்.