கைக்காசுப் புத்தகத்தில் இருபத்திரண்டு நாள்

1. ஜன்னலில் வந்த ஆள்

1955 மார்ச் 14, திங்கட்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு, ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அவர்களை மலைக்கு மலை பிரித்து அனுப்பினார். நான் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன்: கொழுந்துக்கு 186, செடி வெட்டும் கவ்வாத்துக்கு 41, புல்வெட்ட 23. ஏழரைக்கு ஆபிஸ். சனிக்கிழமைக் கொழுந்துச் சீட்டுகளைச் செக்ரோலில் ஏற்றி முடிக்கப் பத்து மணி ஆனது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பேனாவில் மை நிரப்பும்போது ஜன்னலில் ஆள் வந்தது. இவ்வளவும் என் தினக்குறிப்பில் உள்ளபடி.

தோட்ட ஆபிஸ்களில் கணக்கு வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். கந்தப்பளைக்கு மேலே மூன்று மைல் தள்ளியுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1936இல் செக்ரோல் கிளாக்கராகச் சேர்ந்தேன். செக்ரோல் என்பது ஆள் பதிவுப் புத்தகம். பெயர் பதிந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் ஓர் இலக்கம், மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வேலைக்கு வந்தால் ஒரு கோடு. சம்பளம், அரிசி, குடியிருக்கும் லயத்துக் காம்பரா எல்லாம் அந்தக் கோடுகளை வைத்துத்தான். என் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. கொழும்பிலிருந்து வருஷா வருஷம் கணக்கு ஓடிட் செய்ய வருகிறவர்கள் அதை மற்றத் தோட்டங்களில் எடுத்துச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஜன்னலில் நின்றவள் கொழுந்து எடுக்கும் செல்லாயி. தலையில் மழைக்குப் போட்ட படங்குத் துண்டு, கையில் நீளமான பழுப்பு உறை.

“கும்பிடுறேங்க ஐயா. கச்சேரியில இருந்து கடுதாசி வந்திருக்குங்க.”

“இலக்கம் என்ன?”

“இருநூத்திப் பதினாலுங்க. அம்மா அப்பன் வச்ச பேரும் ஒன்னு இருக்குங்க, செல்லாயின்னு. அதையும் எங்கயாச்சும் ஒரு ஓரத்துல எழுதி வச்சுக்கங்க.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நுவரெலியா அரசாங்க ஆபிஸான கச்சேரியின் கடிதத்தைப் படித்தேன். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாது போனபின், 1951இல் அவள் அதற்குப் போட்ட விண்ணப்பம் விசாரணைக்கு வந்திருந்தது. ஏப்ரல் 20ஆம் தேதி நுவரெலியாவில் அதிகாரி முன் நிற்க வேண்டும். 1936 தொடக்கம் பத்து வருஷம் விடாமல் இலங்கையில் இருந்ததற்குத் தோட்டத்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். புருஷன் உள்ளவளுக்கு ஏழு வருஷம் காட்டினால் போதும். விதவை என்பதால் செல்லாயிக்குப் பத்து. நடுவில் ஊருக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை, ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

“எனக்காக இல்லீங்க,” என்றாள். “எனக்கு இந்த மலை போதும். பாக்கியத்துக்காகத்தான். டிஸ்பென்சர் ஐயா சொன்னாருங்க, இந்தக் காயிதம் மட்டும் வந்துட்டா பெரியாஸ்பத்திரியில அட்டெண்டன்ட் வேலைக்கு எழுதிப் போடலாமுன்னு. அவ பேரும் என் பாரத்துலதான் சேந்திருக்கு.”

பாக்கியம் அவளுடைய ஒரே மகள். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் துணி கொதிக்க வைத்து, புண் கட்டி, கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்க,” என்றேன்.

“பாத்து நல்லபடியா எழுதுங்க ஐயா.”

“புத்தகத்துல உள்ளபடி எழுதுவேன்.”

“அதத்தானுங்க நானும் கேக்குறேன்.”

2. மாத நடுவில் பேர் ஏற்றுவதில்லை

பழைய செக்ரோல்களை எடுத்தேன். செல்லாயியின் பேர் 1937 ஜனவரி 9ஆம் தேதி, ஊருக்குப் போன அன்று, வெட்டப்பட்டிருந்தது. புருஷன் காய்ச்சலில் இறந்தபின் கைக்குழந்தையுடன் இந்தியாவில் துறையூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போனாள். அதன்பின் 1938 பெப்ரவரி 1ஆம் தேதி மறுபடி பேர் ஏறியிருந்தது. இரண்டும் என் கையெழுத்து. இடைவெளி பன்னிரண்டு மாதமும் இருபத்து மூன்று நாளும்.

ஆனால் அவள் பெப்ரவரியில் வரவில்லை. ஜனவரி 4ஆம் தேதி வந்தாள். எனக்கு அது தெரியும், ஏனென்றால் இருபத்தெட்டு நாள் அவளைச் செக்ரோலுக்கு வெளியே நிறுத்தி வைத்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்.

அது இப்படி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரிலிருந்து திரும்புகிறவர்களை வந்த அன்றே செக்ரோலில் ஏற்றுவார்கள். மாத நடுவில் புதுப் பெயர் நுழைந்தால் வரிசை கெடும், பக்கக் கூட்டல் மாறும், மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராமல் இரண்டு நாள் உட்கார வேண்டும். சேர்ந்த எட்டாம் மாதம் நான் ஒரு யோசனை சொன்னேன். மாத நடுவில் வருகிறவர்களை அடுத்த முதலாம் தேதி வரை கைக்காசு ஆட்களாக வைத்துக்கொள்வோம். தனியாக ஒரு புத்தகம். அன்றன்றைய நாளைக் குறித்து, வாரக் கடைசியில் கைநாட்டு வாங்கிக் காசு கொடுத்துவிடலாம். முதலாம் தேதி சுத்தமாகச் செக்ரோலில் ஏற்றலாம். தோட்டத்தை நடத்தும் துரை அதைக் கேட்டு என் தோளைத் தட்டினார். அந்த வருஷம் எனக்குச் சம்பளமும் கூடியது.

அந்தக் கைக்காசுப் புத்தகம் ஆபிஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நான் எதையும் வீசுகிறவன் அல்ல. மதியம் அதைத் திறந்து பார்த்தேன். 1938 ஜனவரி: செல்லாயி, இருபத்திரண்டு நாள், நான்கு கைநாட்டு. ஊர் போன நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு மாதத்துக்கு ஐந்து நாள் குறைவு. ஒரு வருஷம் தாண்டினால் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று கங்காணி சொல்லியனுப்பியதால் அவள் அவசரமாகக் கப்பல் ஏறியிருக்கிறாள்.

3. பெரிய கிளாக்கரின் மேசை

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வருஷம் செப்டம்பரில் ஓய்வு பெற இருந்தார். இரண்டு புத்தகத்தையும் அவர் மேசையில் விரித்து வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“தம்பி, சான்றிதழ் எதிலையிருந்து எழுதுறது?”

“செக்ரோல்லருந்துங்க.”

“பிறகேன் இந்தக் குப்பையைக் கிளப்பிக்கொண்டு வந்தனீர்?”

“இதுல அவ வந்த தேதி இருக்குங்க.”

“தேதி மட்டுமே இருக்கு? பதியாமல் வேலை வாங்கினதும் இருக்கு. அரிசி குடுக்காததும் இருக்கு. இதை நீர் கச்சேரிக்கு அனுப்பும், அடுத்த கிழமை லேபர் ஒபிசர் படலையிலை வந்து நிப்பான். முதல் யாரைக் கூப்பிடுவான் எண்டு நினைக்கிறீர்? உம்மைத்தான். இது உம்முடைய கண்டுபிடிப்பல்லோ?”

அவர் குரலைத் தணித்தார்.

“துரைக்கு உம்முடைய பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கிறன். என்ரை கதிரையிலை உம்மைப் பாத்திட்டுத்தான் ஊருக்குப் போக ஆசை. இப்ப போய்க் குழப்பாதையும். செக்ரோலிலை உள்ளதை உள்ளபடி எழுதும். அதிலை என்ன பொய்?”

பொய் ஒன்றும் இல்லைதான்.

அந்த மாதம் என் மேசை லாச்சியில் இன்னொரு கடிதமும் இருந்தது. கொழும்பில் ஓடிட் கம்பெனி ஒன்று என்னை உதவியாளராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. தபாலில் படித்துப் புக்கீப்பிங் பரீட்சை இரண்டு கட்டம் தேறியிருந்தேன். அங்கே போனால் மற்றக் கட்டங்களையும் எழுதிக் கணக்காளர் ஆகலாம். ஆனால் முதல் மூன்று வருஷம் சம்பளம் பாதி, வாடகை அறை. இங்கே பெரிய கிளாக்கருக்கு நான்கு அறை பங்களா, தோட்டத்துப் பால், வேலைக்கு ஓர் ஆள். மனைவியிடம் கேட்டேன். “உங்களுக்கு எது நிம்மதியோ அதச் செய்ங்க” என்றாள். எனக்கு நிம்மதி எது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். கொழும்புக்கு நன்றி சொல்லி மறுப்பு எழுதினேன்.

செல்லாயியின் சான்றிதழை வியாழக்கிழமை தட்டெழுதினேன். “தோட்டத்து ஆள் பதிவுப் புத்தகத்தின்படி 9.1.1937 முதல் 1.2.1938 வரை பதிவில் இல்லை.” மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. துரை கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை அவள் அதை வாங்கி, மடிக்காமல் ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கப்பல் ஏறுறப்ப தேதி போட்டுக் குடுத்த அந்த மண்டபம் கேம்பு சீட்டு இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமுங்க. கூரை ஒழுகி, பொட்டியோட ஊறிப்போச்சு. சரி, ஐயா எழுதுனது இருக்குல்ல.”

“விசாரணையில, நீ வந்தது ஜனவரின்னு சொல்லு,” என்றேன்.

“சொல்றேங்க. நான் வாயால சொல்றது பெருசா, நீங்க எழுதிக் குடுத்தது பெருசா?”

நான் அடுத்த ஆளின் இலக்கத்தைக் கேட்டேன். அக்டோபர் 1ஆம் தேதி பெரிய கிளாக்கர் ஆனேன்.

4. நான்கு மாதப் பழைய கடிதம்

1956 செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை. பின்நேரம் நான்கு மணிக்குச் செல்லாயி என் அறை வாசலுக்கு வந்தாள். ஜன்னலில் இல்லை, வாசலில். பெரிய கிளாக்கரிடம் ஜன்னல் வழியாகப் பேச முடியாது.

“இத வாசிச்சுச் சொல்லணுமுங்க. எல்லாம் இங்கிலீசா இருக்கு. கங்காணியார் பாத்துட்டு, மறுபடி கூப்புடுவாங்க, பொறுமையா இருன்னாரு. இம்புட்டு நாள் பொறுத்துப் பாத்துட்டேன்.”

கடிதத்தின் தேதி மே 7. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணமாக என் வாக்கியத்தையே ஒரு சொல் மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: மேல்முறையீடு செய்வதானால் மூன்று மாதத்துக்குள். ஆகஸ்ட் 7ஆம் தேதியோடு அது முடிந்திருந்தது.

“ஏன் அப்பவே கொண்டாரல?”

“நீங்க பெரிய கிளாக்கரா ஆயிட்டீங்க. இந்தப் படி ஏறுறதுக்கே பயமா இருந்துச்சு.”

நான் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

“ஆபிசர் நல்ல மனுசனுங்க,” என்றாள். “நான் ஜனவரின்னு சொன்னப்ப எழுதிக்கிட்டாரு. அப்பறம் உங்க காயிதத்தப் பாத்தாரு. ‘இவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க, இதுல பிழை இருக்காதும்மா’ன்னாரு.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கைக்காசுப் புத்தகம் இருக்கிறது என்று சொன்னேன். அதில் அவளுடைய ஜனவரி இருக்கிறது, அப்போதே பார்த்தேன், அனுப்பவில்லை என்றும் சொன்னேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் இன்று வரை என்னால் தாங்க முடியாதது.

“அந்தப் பொஸ்தகம் இருக்குன்னு எனக்குத் தெரியுமுங்க. நாலு வாரம் நான்தானே கைநாட்டு வச்சேன். நீங்க எடுத்துக் காட்டல. சரி, அத எடுத்தா ஐயாவுக்கு என்னமோ கஷ்டம் வருமாட்டம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“நீ கேட்டிருக்கலாமே?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா?”

பிறகு கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். “பாக்கியத்துக்கிட்ட என்னா சொல்றதுன்னு யோசிக்கிறேன். தேதி தப்பாப் போச்சுன்னு சொல்லிர்றேன்,” என்று படி இறங்கினாள்.

அன்று மாலையே துரையின் பங்களாவுக்குப் புத்தகத்துடன் போனேன். காலம் முடிந்த வழக்குக்கு யார் கொழும்பில் வக்கீல் வைப்பது என்று கேட்டார். புத்தகத்தைத் தொடவும் இல்லை. பின்னர் என் செலவில் நுவரெலியாவில் வக்கீல் வேலை பார்க்கும் புரொக்டர் ஒருவரைப் பார்த்தேன், இரண்டு மனுக்கள் அனுப்பினோம். இரண்டுக்கும் ஒரே பதில்: காலம் கடந்தது. பாக்கியம் இன்னும் தோட்டத்து டிஸ்பென்சரியில்தான் இருக்கிறாள், கூலிக்கு. செல்லாயி இப்போது கொழுந்து எடுப்பதில்லை. வழியில் கண்டால் “கும்பிடுறேங்க” என்பாள். இலக்கத்தைப் பற்றிய கேலி இல்லை.

கொழும்புக்குப் போயிருந்தால் நான் நல்ல கணக்காளன் ஆகியிருப்பேனா என்று சிலர் கேட்கிறார்கள். தெரியாது. இங்கேயே நல்ல கணக்காளனாக இருக்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. அன்று நான் நல்ல கிளாக்கராக மட்டும் இருந்தேன். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு புத்தகத்திலிருந்து சான்றிதழ் எழுதும்போது, அந்தப் புத்தகத்தில் எதை ஏற்றாமல் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் எழுத்து எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு மற்றவன் கேள்வி கேட்காமல் நம்புவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைத் தினக்குறிப்பில் துரை சொன்னதோடு நிறுத்தியிருக்கிறேன். மறுநாள், புதன்கிழமை, பெரட்டுக்குப் போகவில்லை. ஐந்தரைக்கே ஆபிஸைத் திறந்தேன். பிரஜாவுரிமை விசாரணைக்காக அதுவரை நான் தட்டெழுதிய சான்றிதழ்களின் நகல்களை எடுத்தேன், எழுபத்தொன்று. கைக்காசுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக ஒப்பிடத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே அந்த எழுபத்தொருவரில் மூன்று பேர் இருந்தார்கள்.