பலகை இல்லாத வாசல்

ஹோசியா டாலிவர் வெட்டிய குழியைப் பார்த்தால் செத்தவருக்கே ஒரு திருப்தி வரும் என்று எங்கள் தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். மூலை நான்கும் அத்தனை நேராக இருக்கும். பனிக்காலத்தில் சிகாகோ மண் கல்லாக இறுகிவிடும். அப்போது குழி விழ வேண்டிய இடத்தில் முந்தின நாளே நிலக்கரி நெருப்பைப் பரப்பி மண்ணை இளக்க வேண்டும், பிறகுதான் மண்வெட்டி இறங்கும். அந்த வேலையையும் அவர் அலுக்காமல் செய்வார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இரும்பு வாசலும் மேப்பிள் மரங்களுமாக இருந்த கல்லறைத் தோட்டத்தில்தான் அவருக்கு வேலை. போருக்கு முன்னால் சேர்ந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றிலும் அங்கேதான் இருந்தார்.

பிறந்தது மிசிசிப்பியில், ஃபென்விக் குடும்பத்தின் பருத்திப் பண்ணையில். அங்கே எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. தண்ணீர்க் குழாய்க்குப் பலகை, ரயில் நிலையத்தில் காத்திருக்கும் அறைக்குப் பலகை, டாக்டர் வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் பலகை. வெள்ளையருக்கு இது, கறுப்பருக்கு அது. பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவனுக்கும் அந்த இரண்டு சொற்கள் மட்டும் அடையாளம் தெரியும். தெரியாவிட்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும். நான் இங்கே வரலாமா என்று வாயைத் திறந்து கேட்பதே திமிர் என்று எடுத்துக்கொள்ளப்படும் ஊர் அது. அதனால் கேட்காமல் பலகையைப் பார்த்து நடப்பது ஹோசியாவுக்கு ஊறிப்போன பழக்கம். பலகை இருந்தால் விலகிப் போவார், இல்லாவிட்டால் உள்ளே போவார்.

சிகாகோவில் இறங்கிய அன்று ரயில் நிலையம் முழுக்கத் தேடினார். ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. குடிக்கக் குழாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி குடித்துவிட்டுப் போனாள், பின்னால் இவர் குடித்தார். வானம் இடிந்து விழவில்லை. அந்தத் தண்ணீரைப் பற்றி வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார் மனிதர்.

அவர் மனைவி லுவீனியாவுக்கு அந்த ஊர் வேறு காரணத்துக்காகப் பிடித்துப்போனது. சின்ன வயதிலேயே ஃபென்விக் வீட்டில் வேலைக்குப் போன பெண். அந்த வீட்டு மகள் எவலினைத் தூக்கி வளர்த்தது அந்தம்மாதான். குழந்தைக்கு லுவீனியா என்று வாய் வரவில்லை, வீவீ என்றது. அன்றுமுதல் அந்த வீட்டுக்கும் ஊருக்கும் அவர் வீவீ. கல்யாணம் ஆன பிறகும் வீவீ, முன்முடி நரைத்த பிறகும் வீவீ. அங்கே கறுப்புப் பெண்ணை யாரும் மிசஸ் என்று அழைக்க மாட்டார்கள், அந்த மரியாதை வெள்ளைத் தோலுக்கு மட்டும். சிகாகோவில் ஒரு போலந்துக்காரக் கசாப்புக் கடைக்காரன், உங்களுக்கு என்ன வேணும் மிசஸ் என்று இழுத்து, பெயரைக் கேட்டு நிறுத்தினான். டாலிவர் என்று சொல்லிவிட்டு, கறி வாங்கவே மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார் லுவீனியா. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருக்கும்.

இதற்காகச் சிகாகோவைச் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டைப் பலகையால் தடுத்துத் தடுத்து ஏழெட்டுக் குடும்பங்களை அடைத்திருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை. ரயில் பாதையைத் தாண்டி வெள்ளையர் பக்கத்தில் வீடு பிடித்துப் போன எங்கள் தபால்காரர் ஒருவரின் கட்டிலும் பெட்டியும் தெருவில் எரிந்ததை நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். போலீசும் நின்று பார்த்தது. மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் பஸ்ஸில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, பத்திரிகை படித்தார்கள். இந்த ஊரின் விஷம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஆயுசு வேண்டும். ஆனால் ஹோசியா வேறு கணக்குப் போட்டார். உயிரோடு இருப்பவன் பக்கத்து வீட்டுக்கு வந்தால்தான் இவர்களுக்கு வயிறு எரிகிறது, செத்தவன் பக்கத்தில் படுத்தால் யாருக்கு என்ன என்று நம்பினார்.

அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஒருநாள் தோட்டத்து மேலாளர் ஹால்வர்சன் குழிவெட்டிகள் எல்லாரையும் மரத்தடியில் கூட்டி வைத்துப் பேசினார். அந்தத் தோட்டத்தில் பத்து வருடம் உழைத்தவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் அங்கேயே இடம் உண்டு, அது பழைய வழக்கம் என்றார். அந்தக் கூட்டத்தில் ஹோசியாவும் நின்றார். அவர் ஒருவர்தான் கறுப்பர். உனக்குக் கிடையாது என்று ஹால்வர்சன் சொல்லவில்லை, அப்படி ஒரு பலகையும் வாசலில் தொங்கவில்லை. எனக்கும் உண்டா என்று ஹோசியா கேட்கவில்லை. மிசிசிப்பிக்காரன் கேட்க மாட்டான், பலகையைத்தான் பார்ப்பான். வீட்டுக்கு வந்து லுவீனியாவிடம் சொன்னார். அந்தம்மா அன்றைக்கு அவரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்.

"என்னை அந்த ஊருக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க. செத்தும் வீவீயா கெடக்க என்னால முடியாது. இங்கயே போடுங்க. கல்லுல மிசஸ் டாலிவர்னு இருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்குறது."

"அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?" என்று ஹோசியா கேலி செய்தார். ஆனாலும் கையில் அடித்து வாக்குக் கொடுத்தார்.

அவசரப்பட்டுத்தான் விட்டார் அந்தம்மா. ஏப்ரல் மாதம், சலவைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபடியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. பிள்ளைகள் கிடையாது. மிசிசிப்பியிலிருந்து லுவீனியாவின் தம்பி சைலஸ் மட்டும் ரயில் ஏறி வந்தான். அவன் இன்னும் ஃபென்விக் நிலத்தில்தான், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பருத்தி போட்டுக்கொண்டிருந்தான்.

ஹோசியா ஹால்வர்சனிடம் போய், வீட்டில் துக்கம் என்று சொன்னார். ஹால்வர்சன் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், மிஸ்டர் டாலிவர் என்றார். இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று ஹோசியா நினைத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் போய், போன வருடம் இறந்த குழிவெட்டி ஸ்டானிஸ்லாவின் கல்லுக்கு அடுத்தாற்போல மேப்பிள் நிழலில் தன் கையாலேயே வெட்டத் தொடங்கினார். ஹால்வர்சன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுத்த நாள் வரவேண்டிய வேறு ஒரு சவத்துக்காக வெட்டுகிறார், துக்கத்திலும் வேலையை விடாத மனிதர் என்று நினைத்துக்கொண்டார். இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டே கழுத்தறுத்துக்கொண்டார்கள்.

மதியம் சவ ஊர்வலம் வந்தது. முன்னால் ஈஸ்லியின் கறுப்பு வண்டி, பின்னால் கடன் வாங்கிய நாலு கார்கள், எங்கள் சர்ச்சுச் சபைப் பெண்கள் வெள்ளை உடையில். சவ அடக்க வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர் ஈஸ்லி, அவருக்கே சந்தேகம் இருந்தது. வரும் வழியில் நல்லா விசாரிச்சுட்டீங்கதானே என்று கேட்டும் பார்த்தார். நான் அங்கே வேலை பார்ப்பவன் என்று ஹோசியா வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டார். ஊர்வலத்தைக் கண்டதும் யாரோ இரும்பு வாசலைப் பூட்டிவிட்டிருந்தார்கள். ஹால்வர்சன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது, அது நடிப்பில்லை.

"மிஸ்டர் டாலிவர், எனக்கு நாக்கே எழல. இங்க முடியாதுங்க. இது நான் போட்ட சட்டம் இல்ல. இடம் வாங்கினவங்க பத்திரத்துலயே எழுதியிருக்கு, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு."

"பலகை ஒண்ணும் இல்லீங்களே," என்றார் ஹோசியா.

"பலகை எதுக்குங்க? எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டோம்."

ஈஸ்லி தலையைக் குனிந்துகொண்டார். ஹோசியாவுக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சபை மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்து பூட்டிய வாசலில் நிறுத்திவிட்டோமே என்று கூசிப்போனார். வெட்டிய குழியை என்ன செய்வது என்று கேட்டார், வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. நாளைக்கு அது தேவைப்படும், நன்றாக வெட்டியிருக்கிறீர்கள் என்று ஹால்வர்சன் மெல்லிய குரலில் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட நல்ல மனிதர்களால் நிறைந்த ஊர் சிகாகோ.

நகரத்தின் கடைசியில் எங்கள் ஜனத்துக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அந்த ஏப்ரல் மழையில் அது குளமாகிக் கிடந்தது. தண்ணீர் வடியும்வரை பொறுக்க வேண்டும், அதுவரை பெட்டியைத் தன் இடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார் ஈஸ்லி. சைலஸுக்கு அது பொறுக்கவில்லை.

"என் அக்காவத் தண்ணிக்குள்ள போட விட மாட்டேன் மாமா. ஊர்ல எங்கம்மா படுத்திருக்கற எடத்துக்குப் பக்கத்துல மண்ணு காஞ்சு கெடக்கு. நம்ம சர்ச்சு, நம்ம எடம். அங்க யாரும் நம்மளை வாசல்ல நிறுத்த மாட்டாங்க."

வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஹோசியா சொன்னார். எந்த இடத்தை நம்பிக் கொடுத்தீர்கள் என்று சைலஸ் திருப்பிக் கேட்டான். போதகரும் சைலஸ் சொல்வதே சரி என்றார். வாசலில் பட்ட அடியில் ஹோசியா சுருண்டுவிட்டிருந்தார். ஆளாளுக்கு முடிவெடுக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மிசிசிப்பி ரயிலில் சவப்பெட்டி சரக்குப் பெட்டியில் போயிற்று. சபைப் பெண்கள் பொரித்த கோழியும் கேக்கும் கட்டிக் கொடுத்திருந்தார்கள், சைலஸ் மட்டும்தான் சாப்பிட்டான். தென் மாநிலங்களின் எல்லை வந்ததும் நடத்துநர் இரண்டு பேரையும் எழுப்பி, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கறுப்பர் பெட்டிக்கு மாறச் சொன்னான். கரியும் புகையும் மூஞ்சியில் அடிக்கும் பெட்டி. லுவீனியாவை மட்டும் யாரும் மாற்றவில்லை. வெள்ளைக்காரர்களின் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவிலேயே அந்தம்மா ஊர் போய்ச் சேர்ந்தார்.

சைலஸ் சொன்னது பொய்யில்லை. அந்தச் சர்ச்சில் யாரும் அவர்களை வாசலில் நிறுத்தவில்லை. ஃபென்விக் வீட்டு மகள் மிஸ் எவலின் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். முதல் பெஞ்சு அவளுக்கு. அதில் உட்கார வேண்டிய உறவுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள், ஹோசியாவும் நின்றார். தன் மனைவியின் சாவுக்கு நின்றுகொண்டே அழ வேண்டியிருந்தது அவருக்கு. மிஸ் எவலின் பெட்டிமேல் விழுந்து அழுதாள். அது பொய் அழுகை இல்லை. பெற்ற தாய்க்குக்கூட அவள் அப்படி அழவில்லை என்று பிறகு சொன்னார்கள். அழுகை நிஜமாக இருந்ததுதான் ஹோசியாவுக்குத் தாங்கவில்லை.

பெட்டியைக் குழியில் இறக்கியதும் அவள் ஹோசியாவிடம் வந்தாள். உரிமையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ திரும்பி வருவான்னு எனக்குத் தெரியும், ஹோசியா. நீ வடக்க கூட்டிட்டுப் போனப்பவே அப்பாகிட்ட சொன்னேன், வீவீ நம்மள விட்டு இருக்க மாட்டான்னு. வந்துட்டா பாரு."

ஹோசியா தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அதை எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

"கல்லுக்கு நானே சொல்லிட்டேன். நல்ல வெள்ளைக் கல்லு. 'எங்கள் வீவீ'ன்னு போடச் சொன்னேன். கீழ, 'ஃபென்விக் வீட்டுக்கு உண்மையா உழைச்சவள்'னு. வேற ஏதாவது போடணும்னா சொல்லு."

கேட்டாளே, அதுதான் கொடுமை. வேறு ஏதாவது என்று கேட்டாள். இரண்டே சொல் சொன்னால் போதும். சிகாகோவில் கசாப்புக் கடைக்காரன் பாதியும் லுவீனியா பாதியுமாகச் சொன்ன அதே இரண்டு சொல். ஹோசியாவுக்கு அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே சைலஸ் நின்றான், கண் தரையில் இருந்தது. அவன் பெண்டாட்டி, பெரிதும் சிறிதுமாக ஆறு பிள்ளைகள், எல்லாரும் எவலின் வீட்டு நிலத்தில், எவலின் வீட்டுக் கூரைக்குக் கீழே. ஹோசியா ரயிலேறிப் போய்விடலாம், அவர்கள் எங்கே போவார்கள்? கல்லில் மிசஸ் என்று கேட்டவனின் மச்சானுக்கு அடுத்த விதைப்புக்கு நிலம் இருக்காது. நிலம் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

"இல்லீங்க மிஸ் எவலின்," என்றார் ஹோசியா. "அதுவே போதுங்க. ரொம்ப நன்றிங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனாள். சைலஸ் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டு, அவர் தோளில் கை வைத்தான்.

"நல்ல வேளை மாமா."

குழியை இன்னும் மூடவில்லை. அதன் விளிம்பில் நின்றுதான் எல்லாம் பேசியிருந்தார்கள். லுவீனியாவின் காதில் விழுந்திருக்கும் என்று ஹோசியாவுக்குத் தோன்றியது. உள்ளூர் ஆட்கள் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து, முதல் மண்ணை அவரே தள்ளினார்.