பரேடின் இடது கால்

வலது பூட்ஸுக்கு ஒரே இழுப்பு போதும். இடது பூட்ஸுக்கு ஓட்டைக்கு ஓட்டை நின்று இழுக்கிறார். கயிற்றை விரலில் சுற்றி, பல்லைக் கடித்து, கணுக்காலுக்கு மேலே இரண்டு சுற்று கொடுத்து முடிச்சுப் போடுகிறார். முடித்ததும் குதிகாலால் தரையில் ஒரு தட்டு. பாதம் முன்னால் சாயாமல் நிற்கிறதா என்பது அந்தத் தட்டில் தெரிந்துவிடும். பிறகுதான் எழுந்து, சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்படியில் நிற்கும் மனைவியைப் பார்த்து, "ரெடி" என்கிறார். வேலைக்குப் போய்வருகிறேன் என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் பரேடு. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் பூட்ஸ் போடாமல் வாசற்படி தாண்டமாட்டார், நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார் என்பதால் யாரோ வைத்த பெயர். அவருக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். "பரேடு அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "ஃபிட்டு." போன மழைக்காலத்தில் காய்ச்சலில் தலை தூக்க முடியாமல் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்தார். அப்போதும் அதே பதில். "ஆள் ஃபிட்டுதாங்க. காய்ச்சலுக்குத்தான் உடம்பு சரியில்ல" என்றாள் மனைவி.

பஸ்ஸில் உட்காரமாட்டார். கால் சரியில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கை காலியாகக் கிடந்தாலும், கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நிற்பார். "அது முடியாதவங்களுக்கு" என்பார். சுவரில் சாயமாட்டார். போர்வையை மடித்தால் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். சாப்பாடு தட்டில் விழுந்த வேகத்திலேயே காணாமல் போகும். யாரும் பிடுங்கிக்கொண்டு போகப்போவதில்லை என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

வேலை ஒரு சரக்குக் கிடங்கில். பின்னோக்கி வரும் லாரிகளுக்கு வழி சொல்லவேண்டும். சுவருக்கும் இறக்குமேடைக்கும் நடுவே வண்டிக்கு ஒரு சாண்கூட மிச்சம் கிடையாது. "வா, வா, வரலாம் வா... லெஃப்ட்ல ஒடி... லேசா, லேசாய்யா, தூங்கற குழந்தையப் படுக்கப் போடற மாதிரி... ஹோல்டான்." வண்டி நின்றதும் பின்பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அது பாராட்டு. வாலிப ஓட்டுநர்கள் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் குரலைத்தான் நம்பி வருகிறார்கள். "உள்ள உட்கார்ந்திருக்கறவனுக்குப் பாதிதான் தெரியும். ஒருத்தன் இறங்கிப் பார்த்துச் சொல்லணும்" என்பது அவர் கட்சி.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் வேறு ஆள். முழங்காலுக்குப் பக்கத்தில் நரம்பு நசுங்கிப்போனதால் இடது பாதத்தை அவரால் மேலே தூக்க முடியாது. கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி முன்னால் தொங்கும். விரல் நுனி தரையில் இடறாமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கி வைக்கவேண்டும். வைக்கும்போது பாதம் தரையில் 'சளப்' என்று அறையும். வலது கால் ஓசையில்லாமல் வரும். இடது கால் சளப். அவர் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறார் என்று மனைவிக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

அந்தப் பாதத்தின் மேற்புறத்தில் உணர்ச்சி கிடையாது. கயிறு அழுத்திப் புண்ணானாலும் தெரியாது. உணர்ச்சி இல்லாத காலுக்குக் கண்தான் காவல். அதனால் தினமும் அவர் வேலையிலிருந்து வந்ததும் மனைவி அந்தப் பாதத்தை மடியில் வைத்து, மேற்புறம், ஓரம், விரலிடுக்கு என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறாள். வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு காய்ந்த துணி. ஈரம் தங்கக்கூடாது. அவளும் பகலெல்லாம் ஒரு சலவைக்கடையில் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வருபவள்தான். ஆனாலும் இதை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார். பக்கம் மட்டும் திருப்பமாட்டார்.

பட்டாளத்தில் முழுக்காலம் இருந்தவர்களுக்குப் பென்ஷன் தானாக வந்துவிடும். இவர் அடிபட்டுப் பாதியில் அனுப்பப்பட்டவர். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு கேள்விகள் உண்டு. அடி டூட்டியில் பட்டதா? அந்த ஊனம் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது? முதல் கேள்வி அன்றே தீர்ந்தது. சரக்கோடு மலைப்பாதையில் போன லாரி உருண்டது; டூட்டிதான், சந்தேகமில்லை. இரண்டாவது கேள்வியை மட்டும் மெடிக்கல் போர்டு அவ்வப்போது கூப்பிட்டுக் கேட்கும். அங்கே டாக்டர்கள் போடும் அளவு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் பென்ஷன் நின்றுவிடும். போன தடவை இறங்கியது. நின்றது.

நின்றதும் வாடகை இடித்தது. அவர்கள் இருப்பது தரைத்தளம். குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. மூன்றாவது மாடியில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை காலியாக இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள் என்றார். மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். லிஃப்ட் இல்லை. குளியலறை அரைமாடி கீழே, பொது. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடுகிறது. பகலில் பூட்ஸோடு எப்படியோ ஏறி இறங்கிவிடலாம். நடுராத்திரியில் எழுந்து குளியலறைக்குப் போக எவன் பூட்ஸ் கட்டிக்கொண்டிருப்பான்? தொங்கும் பாதம் ஒரு படியின் விளிம்பில் மாட்டினால் போதும். "இது வீடு மாத்தற கதை இல்ல. ஆஸ்பத்திரிக்கு அட்வான்ஸ் குடுக்கற கதை" என்றாள். மறுபடி பார்க்கச் சொல்லி இருவரும் போர்டுக்கு எழுதிப் போட்டார்கள். இந்தத் தடவை போர்டு சொல்வதுதான் கடைசி; அதற்கு மேல் கேட்க ஆளில்லை. அதுவரை வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

'நடை இயல்பாக உள்ளது' என்று போர்டு எழுதியிருந்ததுதான் அவளுக்குப் புரியவேயில்லை. வீட்டில் நாள்பூரா சளப் சத்தம் கேட்பவள் அவள். ஒருநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கக் கிடங்குக்குப் போனாள். கேட்டருகில் நின்று பார்த்தால், முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து பூட்ஸோடு வந்துகொண்டிருக்கிறார். கோடு போட்ட மாதிரி நேர்நடை. அப்போதுதான் உறைத்தது. கணுக்காலுக்கு மேல்வரை இறுக்கிக் கட்டிய பூட்ஸ் பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. டாக்டர்கள் பார்த்தது பூட்ஸின் நடையை.

அன்று சாயங்காலம், பாதம் மடியில் இருக்கும்போதே கேட்டாள். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்களா, இல்லையா? சொன்னார்களாம். தேவையில்லை, ஃபிட் என்று இவர் சொல்லி, அறையில் ஒரு நடை போய்வந்து, விறைப்பாக நின்று காட்டினாராம். வெளியே ஆள் வரிசை நீண்டிருந்தது, அவர்களும் விட்டுவிட்டார்கள்.

"ஆபீசர் முன்னாடி வெறுங்காலோட நிக்கறதா?" என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "ஆத்தைக் கடக்கும்போது மட்டும்தான் நாங்க பூட்ஸைக் கழட்டுவோம்."

அந்த ஆற்றுக் கதை அவளுக்கு மனப்பாடம். பாலமில்லாத இடங்களில் அவர் கூட்டாளி, அதே லாரியின் இன்னொரு டிரைவர், கீழே இறங்குவார். பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் சேர்த்து முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு, ஆழம் பார்த்தபடி தண்ணீரில் முன்னால் நடப்பார். கூட்டாளி கால் வைத்த இடத்தில் இவர் சக்கரத்தை விடுவார். எத்தனையோ ஆறுகளை அப்படித் தாண்டியிருக்கிறார்கள். லாரி உருண்ட அன்று ஆறும் இல்லை, மழையும் இல்லை. காய்ந்த பாதை. ஓரம் சரிந்தது. கூட்டாளி பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

செய்தித்தாள் கீழே இறங்கியது. அந்த நேரத்தில் அது இறங்கி அவள் பார்த்ததேயில்லை.

"அவன் எழுந்திருக்கவே இல்லடி" என்றார். "நான் காலை நீட்டிக் காட்டி, இந்தா பாரு, இதுக்குக் காசு குடுன்னு நடிக்கணுமா?"

அவள் கடைசி விரலிடுக்கையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நடிக்கச் சொல்லல. இத்தனை வருஷமா நடிக்கறீங்களே, அதை நிறுத்தச் சொல்றேன்."

செய்தித்தாள் மறுபடி மேலே போனது.

போர்டுக்குப் போகும் நாளன்றும் பூட்ஸைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கட்டிக்கொண்டார். இடது கயிறு வழக்கத்தைவிட இறுக்கம். அவள் பார்த்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

வராந்தா பெஞ்சில் எல்லோரும் ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர்கள். பக்கத்தில் ஒரு சமையல்காரர். கதவு திறக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்பார். மூடியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இடுப்பு வலி பொய்யில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் அவரால் உட்கார முடிகிறது. உள்ள வலியையே கொஞ்சம் உரக்கச் சொல்லவேண்டிய இடம் அது.

அவர் கதை முதல் கேள்வியிலேயே நிற்கிறது. "நம்ம ஆளுங்களுக்குச் சமைக்க வெங்காயம் வாங்கப் போனேன், மார்க்கெட்ல வழுக்கி விழுந்தேன். அது டூட்டியா, ஊர் சுத்தினதான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க. வெங்காயத்தை மட்டும் அன்னிக்கே சாப்பிட்டுட்டாங்க." பிறகு பரேடை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கே? உன்னைப் பார்த்தா திரும்ப பட்டாளத்துல சேர்த்துக்குவாங்க."

பரேடு சிரிக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். நானும் உள்ளே வரலாமா என்று கூட வந்திருந்த மனைவி கேட்டதற்கு, வேண்டாம், வெளியிலேயே இருங்கள் என்றார் சிப்பந்தி. கதவு சாத்திக்கொண்டது, ஆனால் மேலே காற்றுக்காக விட்ட இடைவெளி வழியாகச் சத்தம் வந்தது.

"வாங்க. எப்படி இருக்கீங்க?" ஒரு பெண் டாக்டரின் குரல்.

"ஃபிட், மேடம்."

அவள் பையின் காதை இறுக்கிப் பிடித்தாள். பிறகு பூட்ஸ் சத்தம். டக், டக், டக், டக். சுவர்வரை போய்த் திரும்பி வருகிறது. பிசகே இல்லை. சமையல்காரர் "சரியான மடையன்" என்று முணுமுணுத்துவிட்டு, அவளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் என்னவோ சொன்னார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவள் மூன்றாவது மாடிக்கு எதை முதலில் ஏற்றுவது, கட்டிலைக் கழற்றித்தான் கொண்டுபோகவேண்டுமா, கைப்பிடிக்குத் தச்சரை யார் கூப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். நாற்காலி ஒன்று இழுபட்டது. தரையில் கனமாக ஒன்று வைக்கப்பட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

சளப்.

அவள் நிமிர்ந்தாள். ஒரு இடைவெளி. சளப். இடைவெளி. சளப். அவள் வீட்டுக்கு வெளியே ஒருபோதும் கேட்டிராத சத்தம். சுவர்வரை போய்த் திரும்பியது.

"போதும், உட்காருங்க" என்றார் டாக்டர்.

"இல்ல மேடம். இன்னொரு தடவை நடக்கறேன். நல்லாப் பார்த்துக்குங்க."

கதவு திறந்தபோது சமையல்காரர் இடுப்பைப் பிடிக்க மறந்துபோனார். பெஞ்சில் நீட்டியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கிக்கொண்டன. பரேடு வெறுங்காலோடு வந்தார். பூட்ஸ் இரண்டும் கயிற்றால் சேர்த்து முடிந்து கழுத்தில் தொங்கின. அவள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. முழங்காலை உயரத் தூக்கி, தரையைப் பார்த்துப் பார்த்துப் பாதத்தை வைத்து, வராந்தாவின் நடுவில் அவளுக்கு முன்னால் நடந்தார்.