ஒன்பது புத்தகங்களும் ஒரு பத்தியும்

அலோர் காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் குடும்பத்தில், புத்தகம் எழுதிப் பிழைக்கும் முதல் ஆள் நான். அம்மா வேலாயி இதைக் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார். "எம்மவன் தினேஸ்வரன் ஒம்பது புத்தகம் எழுதியிருக்கான்." கேட்டவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். அந்த ஒன்பதும் பிளெண்டர், காற்றாடி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றோடு அட்டைப்பெட்டிக்குள் போகும் கையேடுகள் என்று நானும் அவசரப்பட்டு விளக்குவதில்லை.

செங் தொழிற்பேட்டையில் வீட்டு மின்சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக இதுதான் வேலை. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன். யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

'ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்' என்பது போன்ற வரிகள் ஒன்பதிலும் வரும். ஒன்பது கோப்புகளிலும் தனித்தனியாக ஒட்டி வைத்திருந்தேன். ஒருமுறை சேவை மையத்தின் தொலைபேசி எண் மாறியபோது எட்டில் மாற்றிவிட்டு ஒன்றில் மறந்தேன். மேலாளர் பவானேஸ்வரி என்னை எக்ஸ்எம்எல் என்ற கணினி முறைக்கான பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே சொன்னது எளிமையானதுதான். பொதுவான பத்தியை ஒரே இடத்தில் எழுதி அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். புத்தகங்களில் பத்தி இருக்காது, பெயர் மட்டும் இருக்கும். அச்சுக்குப் போகும்போது கணினி அந்தப் பெயரைப் பார்த்துப் பத்தியை எடுத்து வைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் திருத்தினால் ஒன்பதிலும் திருந்தும். ஓரிடத்தில் தப்புச் செய்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். கேன்டீனில் உட்கார்ந்தால் எக்ஸ்எம்எல்தான் பேசுவேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஆட்கள் உட்காருவது குறைந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பழைய பிளெண்டருக்குப் பதிலாகப் புது மாடல் வந்தது. அதன் ஜக்கை முதல் தடவை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். 'முதல் முறை பயன்படுத்தும் முன்' என்ற பொதுப் பத்தியில் அதைச் சேர்த்தேன். பொதுப் பத்தியில் பொதுச் சொல்தான் வர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள் அல்லவா? 'ஜக்' என்பதை எடுத்துவிட்டு 'சாதனம்' என்று போட்டேன். அந்தப் பத்தியை எந்தெந்தப் புத்தகம் எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, சேவை மையத்திலிருந்து ஓர் அழைப்பை என்னிடம் மாற்றிவிட்டார்கள். அலோர் காஜாவில் தையல் கடை வைத்திருக்கும் ஜானகி என்பவர்.

"தம்பி, புது அயன் வாங்கியிருக்கேன். முதல்ல சோப்புத் தண்ணியில ஊற வைக்கணும்னு புக்குல போட்டிருக்கு. எவ்ளோ நேரம்னு போடலியே?"

"அக்கா, ஊற வெச்சிட்டீங்களா?"

"இல்லலா. நேரம் தெரியாம எப்படி வைக்கிறது?"

"வேணாங்க்கா. தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. புக்குல தப்பா போயிருச்சு."

"யாரு எழுதுனது?"

கம்பெனி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பதினோரு வருடத்தில் கிடைத்த முதல் வாசகி. "நாந்தாங்க்கா."

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தேடினேன். ஒன்பது புத்தகங்களும் அதே பத்தியை எடுத்துக்கொண்டிருந்தன. அவற்றில் பிளெண்டரோடு இஸ்திரிப் பெட்டியும் சுவர்க் காற்றாடியும் அச்சாகிக் கடைக்கே போய்விட்டன. பவானேஸ்வரியிடம் போய்ச் சொன்னேன். காற்றாடிக் கையேட்டை நிதானமாகப் படித்தார்.

"தினேஸ், இத எந்த வாளியில ஊற வைக்கிறது?"

"சாரி மேடம்."

கடைகளுக்கு அறிவிப்புப் போனது. கிடங்கில் இருந்த பெட்டிகளைப் பிரித்துத் தாளை மாற்றும் வேலை எனக்கும் பேக்கிங் பெண்களுக்கும். நான்கு நாள் ஆனது. "அலாமாக், அண்ணனோட புக்குக்கு ரெண்டாம் பதிப்பு வந்திருச்சு" என்று அவர்கள் சிரித்தார்கள். விற்றுப்போன எதையும் யாரும் தண்ணீரில் போட்டதாகப் புகார் வரவில்லை. என்னை யாரும் படிக்காததற்கு மனதார நன்றி சொன்னேன்.

பத்தியை இரண்டாகப் பிரித்தேன். மறுபடியும் 'ஜக்' என்றே போட்டு பிளெண்டருக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும், அதை எடுத்துக்கொள்ளும் புத்தகங்களின் பட்டியலை முதலில் பார்க்கிறேன்.

புதுத் தாளை ஜானகி அக்காவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே முதல் வரியிலிருந்து படித்தார்.

"தம்பி, இங்க மலாய்ல 'ஜாங்கான்' ரெண்டு தரம் வந்திருக்கு. செய்யாதே செய்யாதேன்னா, செய்யணுமா வேணாமா?"

அதுவும் பொதுப் பத்திதான். ஆபீசுக்குத் திரும்பி ஒரே ஓர் இடத்தில் அழித்தேன். பிறகு ஒன்பது புத்தகங்களையும் திறந்து, அட்டையிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்தேன். நான் எழுதியதை நானே முழுதாகப் படித்தது அன்றுதான். ஐந்தாவது புத்தகத்தில் கொஞ்சம் கண் சொக்கியது.