பின்னால் கூப்பிடக் கூடாது

என் மனைவியின் அண்ணனை ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவது என்று நான் முடிவெடுத்தபோது, என் கால்விரல் பத்தும் மரத்துப்போயிருந்தன. மனசு மட்டும் கதகதப்பாக இருந்தது.

முன்கதையைச் சொன்னால்தான் என்மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது மரியாதை வரும். பதினோரு வருஷத்துக்கு முன் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் மச்சான் பையனுக்குக் காதுகுத்து. நான் என் வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்டு குளிக்கக் குழாயடிக்குப் போனேன். சட்டை, செருப்பு, செல்போன் எல்லாம் வேனில். திரும்பி வந்தால் வேன் இல்லை. ஈரவேட்டியும் மொட்டைத்தலையுமாக டவுன் பஸ் ஏறி அரியலூர் வந்து சேர்ந்தேன். கண்டக்டர் சாமியார் என்று நினைத்து டிக்கெட்டே கேட்கவில்லை.

பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் மச்சான் அதற்குச் சொன்ன சமாதானம் இது: "வேன் கெளம்புறப்ப மாப்ள அந்தாண்ட போறத பாத்தேன். ஒரு காரியமா போறவங்கள பின்னாலேர்ந்து கூப்பிடலாமா? போற காரியம் வெளங்காது. வந்துருவாப்லன்னு இருந்தேன், மறந்துட்டேன்."

அதோடு விட்டாரா? அன்றிலிருந்து எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் அவருக்கு இதுதான் கதை. "எங்க மாப்ளைய பெருமாள்கிட்டயே விட்டுட்டு வந்தோம். அவரும் வச்சுப் பாத்துட்டு, கட்டுப்படியாவாதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு!" பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, ரசத்தில் அவர் முகத்தை முக்கி எடுப்பதாக நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம், கனடாவில் வேலை பார்க்கும் என் மகள் எங்களை அலாஸ்கா போகும் கப்பலில் ஏற்றிவிட்டாள். தாய்மாமன் இல்லாமல் அவளுக்கு எதுவும் இனிக்காது என்பதால் மச்சானும் வந்தார். குளிருக்குப் பயந்து அவர் வீட்டம்மா வரவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சின்ன ஊரில் கப்பல் நின்றது. ஊரைவிடக் கப்பல்தான் பெரிது. நான்கு தெரு, மரவீடுகள், எங்கு திரும்பினாலும் மீன் வாடை, தலைக்கு மேலே பனிமலை. சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போட்டே காய்ந்தவன் நான். அந்தக் காற்று என் மங்கிகுல்லாவைத் துளைத்துக் காதைக் கடித்தது. நாலரைக்குள் ஏறாதவர்களுக்காகக் கப்பல் நிற்காது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். என் மனைவி குளிருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அறையிலேயே இருந்துகொண்டாள். கப்பலில் ஏறுவதற்கான என் அட்டையை மட்டும் அண்ணனிடம் கொடுத்தாள். "நீயே வச்சிரு அண்ணே. இவருகிட்ட குடுத்தா கடல்ல போட்டுருவாரு, மீனுதான் படிக்கும்."

ஊரைச் சுற்றி முடித்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். "நான் முன்னால போயி ஒரு டீய போட்டுக்கறேன், நீ மெதுவா வா மாப்ள" என்று மச்சான் எழுந்தார். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. வலதுபக்கம் துறைமுகம் என்று அம்பு போட்ட பலகை இருந்தது. இவர் இடப்பக்கம், காட்டுக்குள் போகிற பாதையில் கைவீசி நடந்தார்.

கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஒரு காரியமாகப் போகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா? காரியம் விளங்காதே!

பதினோரு வருஷத்தில் அப்படியொரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. அவருடைய சட்டத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த கல்யாணத்தில் நான் சொல்லப்போகும் கதையை அந்தப் பெஞ்சிலேயே ஒத்திகை பார்த்தேன். 'எங்க மச்சானைக் கரடிகிட்ட விட்டுட்டு வந்தோம்' என்று தொடங்கலாமா, 'கரடியே வேணாம்னுடுச்சு' என்று முடிக்கலாமா? அப்போது பனிக்குள்ளிருந்து கப்பல் ஊதியது. எழுந்து, அட்டையை எடுக்கப் பையில் கையை விட்டேன்.

அட்டை கரடியிடம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப்பின் நான் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஐம்பத்துநாலு வயசு தொப்பை முன்னால் போக, நான் பின்னால் போனேன். இந்த ஊரிலேயே மீன் அரிந்து பிழைப்பதாகவும், என் மனைவி பத்து நாள் அழுதுவிட்டு நிம்மதியாவதாகவும் காட்சிகள் வந்தன. "மச்சான்! மச்சான்! மச்சான்!" மலையே திருப்பிக் கூப்பிட்டது.

மச்சான் நின்றார். திரும்பினார். முகம் சிவந்தது.

"ஏன் மாப்ள, அறிவிருக்கா? போறப்ப பின்னாலேர்ந்து இப்படியா கூப்பிடுவ?"

"பாதை தப்பு மச்சான்! கப்பல் கெளம்பப் போவுது! என் அட்டையக் குடுங்க!"

"இரு." ஒரு பாறையைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "பின்னால கூப்பிட்டா செத்த உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் கெளம்பணும். ஊரு விட்டு ஊரு வந்தா மொற மாறிடுமா?"

பிளாஸ்கைத் திறந்தார். வெந்நீர். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஊதி ஊதிக் குடித்தார். கப்பல் இரண்டாம் தரம் ஊதியது. இவரும் ஊதினார். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பைமேல் நான்கு ஸ்வெட்டர் இருந்தது.

கடைசியில், ஏணியை எடுக்க ஆட்கள் கையை வைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மூச்சு திரும்பியதும், வாசலில் நின்ற காவலரிடம் என் இங்கிலீஷில் கேட்டேன்: அட்டை இல்லாமல் வந்திருந்தால்? அவர் சிரித்தார். பெயரைச் சொன்னால் போதும், திரையில் முகம் வந்துவிடும், ஒரு நிமிஷ வேலை என்றார்.

ஒரு நிமிஷம். பதினோரு வருஷப் பழியை ஒரு நிமிஷத்துக்குப் பயந்து நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறேன். அன்று இரவுச் சாப்பாட்டில் மச்சான் என் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒங்கப்பன் கத்துன கத்துல மலையில பனியே சரிஞ்சிருக்கும் பாப்பா!"

எனக்கோ பாறையில் அவர் உட்கார்ந்த அழகு மட்டும் கண்ணுக்குள் நின்றது. அதில் ஒரு வழி தெரிந்தது.

மறுநாள் அடுத்த ஊர். பனிப்பாறை பார்க்க மச்சான் குல்லா, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினார். லிப்ட் வரை போகவிட்டேன்.

"மச்சான்!"

பல்லைக் கடித்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். எழுந்தார். ஏணியடிக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டேன்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல மச்சான், பாத்துப் போங்க."

நாலாவது டம்ளருக்குப் பிறகு அவர் போனது பனிப்பாறைக்கு அல்ல, கழிப்பறைக்கு. அந்தக் குளிரில் ஒரு நடை போதவில்லை. கரைக்குப் போய்ப் பனிப்பாறையைப் பார்த்தது நான்தான். நீலமாக, நன்றாக இருந்தது. அவருக்காக நிறையப் போட்டோ எடுத்துவந்தேன்.

போன மாசம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கூடி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தில் அந்தக் கோயில் கதைச் சிரிப்போடு, அவர்களை நோக்கிக் கிளம்பினார். நான் நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

"மச்சான்!"

நின்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி எதுவும் கேட்காமல் அண்ணன் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள் நான் எழுந்து போய், அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்க மச்சானோட அலாஸ்கா போயிருந்தேங்க…"